கோட்டுக்கு இந்தப் பக்கம்: ஒரு கிராஃப் பேப்பரின் கதை

வணிகவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒரு கம்பெனி இரண்டு பொருட்களைத் தயாரிக்கிறது. மூலப்பொருள் இவ்வளவுதான், வேலை நேரம் இவ்வளவுதான். எதை எத்தனை செய்தால் லாபம் அதிகம்? கிராஃப் பேப்பரை எடுத்து, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு, எந்தப் பக்கம் என்று பார்த்து பென்சிலால் நிழலிட்டு, மூலைப்புள்ளிகளை அட்டவணையாக எழுதி, பெரிய எண்ணைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் முழு மதிப்பெண். "கண்டிப்பாக வரும்" என்று சீனியர்கள் சொல்லிவிட்டுப் போகும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

அந்தக் கிராஃபுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தொழிற்சாலை இருக்கிறது. போர்க்காலக் கப்பல்கள் இருக்கின்றன. 500 கேலன் வினிகர் இருக்கிறது. பதினேழு வருடம் அச்சுக்குப் போகாமல் கிடந்த ஒரு புத்தகமும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இவற்றில் எதுவும் வருவதில்லை!

முதலில் அடையாளங்கள்

"சமம்" என்பதற்கு இரண்டு இணைகோடுகளைப் போடும் வழக்கத்தை ஆரம்பித்தவர் ராபர்ட் ரெக்கார்ட், வருடம் 1557. "இதைவிடப் பெரிது", "இதைவிடச் சிறிது" என்பதற்கான > , < குறிகள் அச்சில் வந்தது 1631ல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் நூலில். அவர் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் அந்த நூல் வெளிவந்தது. ஆறே வருடத்தில், 1637ல், டெகார்ட்டின் வடிவகணித நூல் வந்தது. சமன்பாட்டைக் கோடாகவும் வளைவாகவும் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வேர்விட்டது.

இந்த இரண்டும் கையில் இருந்தும், அசமன்பாட்டைப் படமாக வரைந்து பயன்படுத்த வேண்டும் என்ற தேவை வெகுகாலம் யாருக்கும் எழவில்லை. சமன்பாட்டுக்கு விடை ஒரு எண்ணாகக் கிடைக்கும், அல்லது ஒரு கோடாகக் கிடைக்கும். அசமன்பாட்டுக்கோ விடை தாளில் பாதி! கோட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் அத்தனை புள்ளிகளும் விடைதான். இவ்வளவு விடைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு சின்ன மரப்பட்டறை

ஒரு சின்ன உதாரணத்தை இங்கேயே வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை எளிதாகப் புரியும்.

ஒரு மரப்பட்டறையில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். வாரத்துக்கு 20 பிளைவுட் பலகை, 36 மணி நேர வேலை. ஒரு நாற்காலிக்கு 1 பலகை, 3 மணி நேரம். ஒரு மேசைக்கு 2 பலகை, 2 மணி நேரம். நாற்காலி ஒன்றுக்கு 40 ரூபாய் லாபம், மேசை ஒன்றுக்கு 60 ரூபாய். நாற்காலிகளின் எண்ணிக்கையை "நா" என்றும் மேசைகளின் எண்ணிக்கையை "மே" என்றும் வைத்துக்கொண்டால்:

பலகை: நா + 2 மே ≤ 20
நேரம்: 3 நா + 2 மே ≤ 36
இரண்டுமே பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது.

முதல் அசமன்பாட்டுக்கு முதலில் "நா + 2 மே = 20" என்ற கோட்டைப் போட வேண்டும். (20, 0), (0, 10) என்ற இரண்டு புள்ளிகள் போதும். எந்தப் பக்கம் என்று தெரிய (0, 0)-ஐப் போட்டுப் பாருங்கள். 0 ≤ 20, உண்மை. ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான் வேண்டிய பக்கம். ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும், ஏனென்றால் கோட்டைத் தாண்டாமல் அந்த அசமன்பாடு உண்மையிலிருந்து பொய்க்கு மாற முடியாது. இரண்டாவது கோட்டுக்கும் இதே மாதிரி செய்தால், இரண்டு நிழலும் சேரும் இடத்தில் நான்கு மூலைகள் கொண்ட ஒரு பகுதி கிடைக்கும்: (0, 0), (12, 0), (8, 6), (0, 10).

அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் பட்டறையால் செய்ய முடிந்த ஒரு திட்டம். கோட்டுக்கு வெளியே இருப்பவை ஆசைகள் :)

இனி லாபம். 40 நா + 60 மே என்பதும் ஒரு கோடுதான். ஸ்கேலை அந்தச் சாய்வில் வைத்து, சாய்வை மாற்றாமல் ஆதிப்புள்ளியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். நிழலை விட்டு வெளியேறும் முன் ஸ்கேல் கடைசியாகத் தொடுவது ஒரு மூலையை. (விளிம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் விளிம்பு முழுவதுமே விடை. அப்போதும் அதன் இரண்டு முனைகள் மூலைகள்தானே.) நான்கு மூலைகளையும் சோதித்தால் 0, 480, 680, 600. ஆக 8 நாற்காலி, 6 மேசை, 680 ரூபாய்.

தாளில் பாதியாக விரிந்து கிடந்த எண்ணற்ற விடைகள் நான்கே நான்கு மூலைகளாகச் சுருங்கிவிட்டன. மொத்த விஷயமும் இதுதான்.

ஃபூரியர் பார்த்தார், யாரும் கேட்கவில்லை

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சின் ஜோசஃப் ஃபூரியர். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர், நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். 1820களில் நேரியல் அசமன்பாடுகளைப் பற்றி எழுதினார். பல அசமன்பாடுகள் சேர்ந்தால் தட்டையான முகங்கள் கொண்ட ஒரு வடிவம் உண்டாகும், அதன் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு மூலையிலிருந்து விளிம்பு வழியாக அடுத்த மூலைக்கு இறங்கிக்கொண்டே போகலாம் என்றார்.

120 வருடம் கழித்து உலகம் முழுக்கப் பயன்படப்போகும் வழி இதுதான். அன்று அதைக் கொண்டு தீர்க்க வேண்டிய கணக்கு யார் கையிலும் இல்லை. 1830ல் ஃபூரியர் இறந்தார். ஹங்கேரியின் ஃபார்க்கஷ் போன்ற ஒருசிலர் இந்த வழியில் தேற்றங்களை நிறுவினார்களே தவிர, வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

லெனின்கிராடின் பிளைவுட்

லியோனிட் கான்டரோவிச் 1912ல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். 14 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 18 வயதில் முடித்து, 22 வயதில் பேராசிரியர் ஆனவர். அவருடைய துறை தூய கணிதம். 1938ல் பிளைவுட் துறையின் ஆய்வகம் ஒன்று அவரிடம் ஒரு கேள்வியோடு வந்தது. மரத்தை மெல்லிய தகடாக உரிக்கும் 8 இயந்திரங்கள், 5 வகை மரம். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். எதில் எதைப் போட்டால் உற்பத்தி அதிகம்?

மேலே பார்த்த மரப்பட்டறைக் கணக்கின் அண்ணன் இது. அதில் மாறிகள் இரண்டு, கிராஃப் பேப்பர் போதும். இங்கே மாறிகள் 40. மூலைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம் என்றால் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத காலம்.

கான்டரோவிச் யோசித்தது வேறு விதமாக. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, அந்த எண்களைச் சிறிது சிறிதாகச் சரிசெய்து கொண்டே வந்து, அவற்றின் மூலம் நல்ல திட்டத்தை அடையாளம் காண்பது அவர் வழி. தீர்க்கும் பெருக்கிகள் என்று அந்த எண்களுக்குப் பெயர் வைத்தார். 1939ல் லெனின்கிராட் பல்கலைக்கழகம் அதைச் சிறு நூலாக வெளியிட்டது. இரும்புத் தகடு வெட்டுவது, நிலத்தில் எதைப் பயிரிடுவது, சரக்கை எந்த வழியில் அனுப்புவது என்று எல்லாமே ஒரே கணக்குதான் என்று அதில் காட்டியிருந்தார். அப்போது அவருக்கு 27 வயது.

அந்த எண்கள் என்ன? மறுபடி மரப்பட்டறைக்கு வாருங்கள். பலகை 20க்கு பதில் 21 இருந்தால்? கோடு கொஞ்சம் வெளியே நகரும், மூலை (7.5, 6.75)க்குப் போகும் (பாதியில் நிற்கும் நாற்காலியை அடுத்த வாரம் முடித்துக்கொள்ளலாம்). லாபம் 705. ஒரு பலகை கூடியதால் 25 ரூபாய் அதிகம். அதே மாதிரி நேரம் 37 ஆனால் லாபம் 685, அதாவது 5 ரூபாய் அதிகம். ஆக இந்தப் பட்டறைக்கு ஒரு பலகையின் மதிப்பு 25, ஒரு மணி நேரத்தின் மதிப்பு 5. சரிபார்த்துக் கொள்ளுங்கள்: 20 × 25 + 36 × 5 = 680. லாபம் முழுவதும் அந்த இரண்டு கோடுகளுக்குள் பிரிந்து நிற்கிறது! இன்று நிழல் விலை என்று பாடத்தில் வருவது இதுதான். ஒரு கோடு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதன் அளவு அது.

சோவியத் நாட்டில் இதைச் சொல்வது ஆபத்தானது. ஒரு பொருளின் மதிப்பு அதில் செலவான உழைப்பிலிருந்து வருகிறது என்பது மார்க்சியப் பொருளாதாரத்தின் அடிப்படை. கான்டரோவிச்சின் கணக்கிலோ பலகைக்கும் நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் அவற்றின் தட்டுப்பாட்டிலிருந்தே ஒரு விலை வந்து விழுகிறது. முதலாளித்துவ விலைக் கோட்பாட்டைக் கணிதத்தின் மறைவில் கொண்டுவருகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அது போதும். பொருளாதாரம் முழுவதற்கும் இந்த முறையை விரித்து அவர் எழுதிய புத்தகம் 1942ல், போர் நடுவில், முடிந்துவிட்டது. திட்டக்குழு அதை ஏற்கவில்லை. ஸ்டாலின் இறந்து, காலம் கொஞ்சம் தளர்ந்த பிறகு, 1959ல்தான் அது அச்சேறியது. பதினேழு வருடம். இடையில் 1949ல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது, ஆனால் கணித ஆராய்ச்சிக்காக. பொருளாதாரத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்ற நிலைமை.

இந்த முறையை நேரடியாகப் பரிசோதிக்க ஒரு வாய்ப்பு 1940களின் கடைசியில் வந்தது. லெனின்கிராடில் ரயில் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில், தகடுகளை வீணாகாமல் வெட்டுவதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கழிவு நன்றாகக் குறைந்தது. அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது வேடிக்கையான கதை. தொழிற்சாலை ஒவ்வொரு வருடமும் இவ்வளவு பழைய இரும்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு இலக்கு இருந்ததாம். கழிவு குறைந்ததால் அந்த இலக்கை எட்ட முடியாமல் நிர்வாகம் மாட்டிக்கொண்டதாம். வீணாக்காமல் வேலை செய்ததற்குத் திட்டு! வேறு விதமாகச் சொன்னால், தாளில் வரையாமல் விட்டுப்போன ஒரு கோடு அங்கே இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவில் இது எதுவும் தெரியாது. அங்கே மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ட்யாலிங் கூப்மன்ஸ் ஹாலந்தில் பிறந்தவர். போரின்போது வாஷிங்டனில் நேச நாடுகளின் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தில் இருந்தார். சரக்கை இறக்கிய கப்பல் காலியாக எங்கே போவது என்பது அவர் பிரச்சனை. 1942லேயே அதற்கு ஒரு முறையை எழுதிக் கொடுத்தார்.

ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945ல் வேறொரு கேள்வி கேட்டார். ஒரு ஆள் உயிர்வாழத் தேவையான சத்துக்களை மிகக் குறைந்த செலவில் எப்படிச் சாப்பிடுவது? 77 உணவுகள், 9 சத்துக்கள். இங்கே அசமன்பாடுகள் எல்லாம் "இவ்வளவுக்குக் குறையக் கூடாது" என்ற பக்கம் திரும்பியவை. நிழல் ஆதிப்புள்ளியை விட்டு விலகி விழும். அவரிடம் சரியான வழி இல்லை, சாமர்த்தியமாகச் சோதித்துப் பார்த்து வருடத்துக்கு 39.93 டாலர் என்று சொன்னார், 1939ஆம் வருட விலையில். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ். அவ்வளவுதான் சாப்பாடு. இதை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ருசி என்ற கோடு அந்தப் படத்தில் இல்லையே.

மூன்றாவது ஆள் ஜார்ஜ் டான்ட்சிக். வகுப்புக்குத் தாமதமாக வந்து, பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று நினைத்து எழுதிக்கொண்டு போய்த் தீர்த்துவிட்டார், அவை அதுவரை யாரும் நிரூபிக்காத தேற்றங்கள் என்ற கதை பலருக்கும் தெரியும். 1939ல் பெர்க்லியில் நடந்த உண்மைச் சம்பவம் அது. போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படையின் திட்டமிடும் வேலையை இயந்திரமயமாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்காக 1947ல் அவர் உருவாக்கியதுதான் சிம்ப்ளெக்ஸ் முறை. ஒரு மூலையில் நில், பக்கத்து மூலைகளில் எது மேல் என்று பார், அங்கே நட, இனி மேலே போக வழியில்லை என்றால் நிறுத்து. அதே ஃபூரியர் நடை! விளிம்பு வழியே நடப்பது சுற்றுவழியாகத்தான் இருக்கும் என்று டான்ட்சிக்கே முதலில் நினைத்திருந்தார். நடக்கவிட்டுப் பார்த்தால் வியக்கும்படி வேகமாக முடிந்தது.

எவ்வளவு வேகம் என்பதற்கு அவரே ஒரு உதாரணம் சொல்வார். 70 பேருக்கு 70 வேலைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மொத்த வழிகள், ஒன்றுக்குப் பின்னால் 100 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும். எந்தக் கம்ப்யூட்டராலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது. சிம்ப்ளெக்ஸ் அதை எளிதாக முடித்துவிடும்.

புதிய முறையைச் சோதிக்க ஸ்டிக்லரின் உணவுக் கணக்கையே எடுத்தார்கள். மேசைக் கணக்கு இயந்திரங்களோடு 9 பேர் உட்கார்ந்து போட்டார்கள். மொத்தம் 120 ஆள்-நாட்கள். விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகத்துக்கும் உண்மையான மூலைக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 24 சென்ட் மட்டுமே!

வினிகர் வந்தது அதற்குப் பிறகு. 1950களின் ஆரம்பத்தில் டான்ட்சிக் உடம்பைக் குறைக்க நினைத்தார். கலோரிக்கு ஒரு கோடு, சத்துகளுக்குக் கோடுகள், வயிறு நிறைந்த உணர்வு அதிகமாக இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். உணவின் எடையிலிருந்து தண்ணீரின் எடையைக் கழித்தால் வருவதே நிறைவு என்று வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் தந்த மெனுவில் 500 கேலன் வினிகர் இருந்தது. வினிகரில் தண்ணீரே இல்லை என்று பட்டியலில் பதிவாகியிருந்ததுதான் காரணம். வினிகரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், ஒரு நாளைக்கு 200 சூப் கட்டிகள் என்றது. உப்புக்கு மேல்வரம்பு போட யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம்தான் "மூன்றுக்கு மேல் கூடாது" என்று ஒரு கோட்டைச் சேர்த்தார்.

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யவே இல்லை. கொடுத்த கோடுகளுக்கு அது சரியான மூலையைத்தான் கண்டுபிடித்தது.

மரப்பட்டறையிலும் இதைப் பார்க்கலாம். வாரத்துக்கு 3 மேசைக்கு மேல் விற்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்து, அதை எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மே ≤ 3 என்ற கோட்டைச் சேர்த்தால் விடை (10, 3), லாபம் 580. அதைவிட முக்கியம், 20 பலகையில் 16தான் செலவாகிறது. மிச்சம் 4 பலகை சும்மா கிடக்கிறது. இன்னொரு பலகை வந்தாலும் பயனில்லை, அதன் நிழல் விலை பூஜ்யம். ஒரு கோட்டை மறந்த முதலாளி 25 ரூபாய் வரை கொடுத்து இன்னும் பலகை வாங்கிக் குவித்துக்கொண்டிருப்பார்.

1975

டான்ட்சிக்கின் முறை கம்ப்யூட்டர்களோடு சேர்ந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு, விமானம், வங்கி என்று பரவியது. கான்டரோவிச்சின் 1939ஆம் வருட நூல் கூப்மன்ஸின் முயற்சியால் 1960ல் ஆங்கிலத்தில் வந்தது. அப்போதுதான் மேற்கத்திய வாசகர்கள் பலருக்கு, தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது எட்டு வருடம் முன்பே லெனின்கிராடில் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது.

1975ல் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பெற்றவர்கள் கான்டரோவிச், கூப்மன்ஸ். டான்ட்சிக் பெயர் இல்லை. அவருடைய வேலை பொருளாதாரத்தைவிடக் கணிதத்துக்கு நெருக்கம் என்று குழு நினைத்திருக்கலாம் என்பார்கள்.

கூப்மன்ஸுக்கு இது பெரிய மனவருத்தம். பரிசையே மறுத்துவிடலாமா என்று யோசித்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டு, தன் பங்கிலிருந்து 40,000 டாலரை, மூவரும் வேலை செய்திருந்த ஆஸ்திரியாவின் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். ஏன் அந்தத் தொகை? பரிசு மூன்று பேருக்குப் பிரிந்திருந்தால் அவருக்கு எவ்வளவு வந்திருக்குமோ அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். இந்த மூவர் கதையில் மிக அழகான கணக்கு அதுதான்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலை மூலையாக நடப்பது சில விசேஷக் கணக்குகளில் மிக நீண்டுபோகும் என்று 1972ல் காட்டினார்கள். 1979ல் சோவியத் அறிஞர் காச்சியன் எப்போதும் ஓர் எல்லைக்குள் முடியும் வழி ஒன்றைக் கொடுத்தார். 1984ல் மும்பை ஐஐடியில் படித்த நரேந்திர கர்மார்கர், விளிம்பில் நடக்காமல் நிழலின் உள்ளே புகுந்து போகும் வேகமான முறையைக் கொண்டுவந்தார். கான்டரோவிச் 1986லும் டான்ட்சிக் 2005லும் மறைந்தார்கள். இன்று லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட கணக்குகள் மடிக்கணினியில் ஓடுகின்றன.

கிராஃப் பேப்பரில் இரண்டு மாறிகள் மட்டும்தான் முடியும். அதற்கு மேல் போனால் பென்சிலுக்கு வேலையில்லை. ஆனாலும் பாடத்திட்டத்தில் அதை இன்னும் வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் விடை மட்டும் வரும். தாளில் போடும்போது ஒவ்வொரு கோடும் எங்கிருந்து வந்தது, எந்தக் கோடு இறுக்குகிறது, எது சும்மா தூரத்தில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை இந்தக் கணக்கைப் போடும்போது, விடையைக் கட்டம் கட்டிய பிறகு ஒரு நிமிடம் செலவழித்து, கேள்வித்தாளில் சொல்லாமல் விட்ட கோடு எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மதிப்பெண் கிடைக்காது. ஆனால் வேலைக்குப் போன பிறகு, அந்தக் கோடுகளை எழுதித் தர கேள்வித்தாள் இருக்காது.